கட்டிலுக்கடியில் காமிக்ஸ் பெட்டியா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது நெல்லை சந்திப்பு, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. பழைய காமிக்ஸ் வாங்கி விற்பவர்கள் அட்டைப்பெட்டியைக் கட்டிலுக்கடியில்தான் தள்ளி வைத்திருப்பார்கள். முத்துவும் லயனும் வெளியான சிவகாசி பக்கத்தில்தானே; 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து, 1984-இல் வந்த லயன், ராணி காமிக்ஸ் எல்லாம் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. நனைந்த ஒரு பிரதியை வாங்கிப் பார்த்தேன். ஸ்டேப்ளர் பின் துருவேறி, சுற்றிலும் தாள் பழுத்து, தொட்ட இடம் பொடிந்தது.

பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்துங்கள், சுவரோடு ஒட்டாமல் வையுங்கள்; கரையான் சுவர் வழியாகவும் ஏறும். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம், அதன் பசை தாளை மஞ்சளாக்கும். நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ஈரம் இரண்டு நாள் தங்கினால் பூஞ்சை வந்துவிடும். நிறைய நனைந்திருந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம்.

பலரும் ஏமாறும் இடம் காப்பீடு. 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே சேரும். வெள்ளமும் அதில் அடங்கும். ஆனால் விற்க வைத்திருக்கும் சரக்கை வீட்டுச் சாமான் என்று நிறுவனம் ஏற்காமல் போகலாம். சிறு வியாபாரிகளின் சரக்குக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று தனிப் பாலிசியே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். கோரிக்கையை நிராகரித்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

எங்கே போனாலும் கேட்பது ஆதாரம். அதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். வெளியீட்டு எண், தலைப்பு, முதல் பதிப்பா மறுபதிப்பா, வாங்கிய விலை, காணாமல் போன பக்கம், பெட்டி எண். முன் அட்டை, பின் அட்டை, ஸ்டேப்ளர் பின் அடித்த நடுப்பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். மறுபதிப்பை முதல் பதிப்பு என்று விற்பது மோசடி. வாங்கிய புத்தகத்தை மறுபடி விற்பது உங்கள் உரிமை. ஸ்கேன் செய்து பிடிஎஃப் விற்றால் பதிப்புரிமைச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

விற்கும்போது, "பணம் வர க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் பெற யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கூரியரில் புத்தகம் நசுங்கிப் போனதா? பிழைப்புக்காக நீங்களே நடத்தும் தொழில் என்றால், நீங்களும் சட்டப்படி நுகர்வோர்தான். இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை. போகும்போது கூரியர் ரசீதோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.