வீட்டு வரியில் பிள்ளைகளின் பங்கு

வீட்டு வரி ரசீதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அரையாண்டுக்கு இவ்வளவு என்று நம் மனதில் பதிவது ஒரே ஒரு தொகைதான். தாம்பரம் மாநகராட்சியின் சேலையூரில் கட்டுகிறவரும் பெருங்களத்தூரில் கட்டுகிறவரும் ரோடு, குப்பை, தெருவிளக்கு என்ற நினைப்பில்தான் கட்டுகிறார்கள். அந்தத் தொகைக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியும் இருக்கிறது. இந்த இரண்டும் பெரும்பாலும் பிள்ளைகளின் பணம். அது எந்த வழியில் போகிறது, அதை யார் எப்போது கேட்கலாம் என்று டீயைக் குடித்துக்கொண்டே பேசுவோம். கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

மாநகராட்சி பட்ஜெட் என்றால் ஒரே கணக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதில் மூன்று கணக்குகள் உண்டு. சம்பளம், சாலை, குப்பை, பூங்கா எல்லாம் வருவாய் மற்றும் மூலதன நிதியில் வரும். குடிநீருக்கும் வடிகாலுக்கும் தனி நிதி. மூன்றாவது, ஆரம்பக் கல்வி நிதி. கல்வி வரியாக வசூலாகும் பணம் இதில்தான் சேர வேண்டும். வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் போன்ற பள்ளித் தேவைகளுக்குத்தான் இதிலிருந்து எடுக்க வேண்டும். நூலக வரி இந்த மூன்றிலும் சேராது. மாநகராட்சி அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு 1948-இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. வசூலித்த உள்ளாட்சிகள் அந்தப் பணத்தைக் கொடுக்காமல் நிலுவை வைப்பதாகத் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகவே புகார் உண்டு. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் வரவில்லை என்றால் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கல்வி நிதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சென்னை நூறு வருடங்களுக்கு முன்பே பார்த்துவிட்டது. சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குத் தலைவராக இருந்த காலம். 1920 செப்டம்பர் 16 அன்று மாமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தருவது, செலவு தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23-இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் 811 பிள்ளைகள் இருந்தார்கள். 1924-25-இல் 1,671 பேர். இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு! ஆனால் அந்தச் செலவை ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து எடுப்பதை ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. 1925 ஏப்ரல் 1 அன்று திட்டம் நின்றது. மாமன்றம் சும்மா இருந்துவிடவில்லை. ஏழைப் பிள்ளைகள் 1,000 பேருக்குச் சிற்றுண்டி தர அதே ஆண்டிலேயே மறுபடி ஒப்புதல் கொடுத்தது.

இன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அதன் வேரைத் தேடிப் போனால் அந்த மாமன்றத் தீர்மானத்தில்தான் போய் நிற்போம். உள்ளாட்சியில் கை தூக்கி நிறைவேற்றிய ஒரு தீர்மானத்துக்கு அவ்வளவு வலு இருந்தது.

தாம்பரத்துக்கு வருவோம். 2021 நவம்பர் 3 அன்று ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து இந்த மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளாக இருந்தவை. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை பேரூராட்சிகளாக இருந்தவை. இப்போது 70 வார்டுகள், ஐந்து மண்டலங்கள். பெயர்ப் பலகையை மாற்றுவது சுலபம், பழைய ஏற்பாடுகள் அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. பேரூராட்சிப் பகுதிகளில் பல தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளாக வளர்ந்தவை. ஆகவே அங்கே வீட்டு வரியில் கல்விப் பங்கு கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எங்கள் தெருப் பள்ளியின் கூரைக்கும் கழிப்பறைக்கும் பொறுப்பு யார், மாநகராட்சியா, ஒன்றியமா, பள்ளிக் கல்வித் துறையா?

பால்வாடியில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். டீச்சருக்கும் ஆயாவுக்கும் சம்பளம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, எல்லாம் மாநில அரசின் சமூக நலத் துறை வழியாக வருகிறது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அது, மத்திய அரசின் பங்கும் உண்டு. கட்டடமோ மாநகராட்சி நிதியில் கட்டியதாக இருக்கலாம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியில் கட்டியதாக இருக்கலாம், வாடகை வீடாகவும் இருக்கலாம். தண்ணீர் மாநகராட்சிக் குழாயிலிருந்து வரும். மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் நின்றால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்ட இதில் நிறைய இடம் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தத் துறைக் கணக்கெல்லாம் தெரியாது. அதற்காக நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் வருத்தமெல்லாம் இதுதான்: பணம் பல இடங்களில் சிதறிக் கிடப்பதால், பிள்ளைகளுக்கு என்று மொத்தமாக எவ்வளவு செலவாகிறது என எந்த மேசையிலும் விவாதம் நடப்பதில்லை.

சரி, பட்ஜெட் புத்தகம் கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது? வரும் ஆண்டுக்கான மதிப்பீட்டைத்தான் செய்தியில் படிக்கிறோம். அதன் பக்கத்திலேயே நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடும், முடிந்த ஆண்டின் உண்மைச் செலவும் இருக்கும். ஒரு பேச்சுக்கு, பள்ளிப் பராமரிப்புக்கு 50 லட்சம் என்று அறிவித்து, திருத்தத்தில் 30 ஆக்கி, கடைசியில் 12 லட்சம்தான் செலவாகியிருக்கிறது என்று வையுங்கள். அடுத்த ஆண்டுக்கு 60 லட்சம் என்று அறிவிப்பு வந்தால் கை தட்டாதீர்கள். அந்த 12-ஐப் பற்றிக் கேளுங்கள். டெண்டர் போகவில்லையா, பணம் வரவில்லையா, பொறியாளர் பணியிடம் காலியாக இருந்ததா? காரணத்துக்குத் தகுந்தபடி தீர்வு மாறும்.

இதைக் கேட்க வேண்டிய இடங்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. மாநகராட்சியில் கணக்கு, கல்வி, பொதுச் சுகாதாரம், வரி விதிப்பு மற்றும் நிதி என்று நிலைக்குழுக்கள் உண்டு. இப்படிக் கேள்வி கேட்பதற்கென்றே இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நிர்வாகத்தில் இல்லாத கவுன்சிலர்களைக் கொண்டு ஆய்வுக் குழு அமைக்கச் சொன்னது. குழந்தைகள் சேவைக்கான ஒதுக்கீட்டை மன்றம் ஏற்பதற்கு முன்பே அவர்கள் கேள்வி கேட்கிறார்கள். இங்கே கல்விக் குழுவுக்கும் கணக்குக் குழுவுக்கும் அந்த வேலையைச் செய்ய முடியும். அவை கூடி என்ன பேசின என்று நம் காதுக்கு எட்டுவதே அரிதாக இருக்கிறது. அது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நமக்கு நேரடியாகத் திறந்திருக்கும் வாசல் பகுதி சபை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அந்தக் குழுக்களுக்கும் அவற்றின் கீழ் வரும் பகுதி சபைகளுக்கும் விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் நம் பம்மலில் நடந்தது. ஒரு பகுதியின் வாக்காளர் எல்லோரும் அதன் சபையின் உறுப்பினர்கள், அழைப்பிதழ் தேவையில்லை. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களில் சபை கூட வேண்டும் என்பது விதி.

இதில் டிசம்பரையும் ஜனவரியையும் தவற விடாதீர்கள். நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. பட்ஜெட் மாமன்றத்துக்கு வரும்போது தொகைகள் அச்சாகி வந்துவிடும். அன்று கவுன்சிலர் எழுந்து பேசினாலும் அடுத்த முறை பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். குளிர்காலக் கூட்டங்களில் கேட்டால், அதிகாரிகள் மதிப்பீடு தயாரிக்கும் நேரத்தில் உங்கள் கோரிக்கை அவர்கள் கையில் இருக்கும்.

வெறுமனே ‘பள்ளியைச் சரி செய்யுங்கள்’ என்றால் குறிப்பேட்டில் ஏறாமலே போய்விடும். பள்ளியின் பெயர், பழுது என்ன, எந்த நிதியிலிருந்து செய்ய வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். கடந்த ஆண்டு கல்வி நிதியில் வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பால்வாடி டீச்சரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், தேவை எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மார்ச்சில் உங்கள் கவுன்சிலர் மாமன்றத்தில் பேசும்போது அவர் கையில் இருக்க வேண்டிய தாள் அது.