ஆமைக்குக் காவல்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அமீனா விஷயத்தில் அவர்களுடைய அநுபவத்தை நான் ஆக்ஷேபிக்கவில்லை. ஆமை விஷயத்தில்தான் எனக்கும் என் தாயாருக்கும் மூன்று மாதமாக வாக்குவாதம்.

"ஏண்டா, நாற்பத்தைந்து வயதில், பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்துகொண்டு, நடு ராத்திரியில் ஆமையைத் தேடிக்கொண்டு போவார்களா? அது நம் வீட்டுக்கு வரக் கூடாதே என்று நான் வேண்டிக்கொள்கிறேன். நீ அதன் வீட்டுக்கே போகிறாய்!" என்பார் அம்மா.

இப்போது வாக்குவாதம் ஓய்ந்துவிட்டது. காரணம், பருவம் முடிந்துவிட்டது. சித்திரை பிறந்து, சென்னைக் கடற்கரையில் கடைசி முட்டைகளும் பொரிந்துகொண்டிருக்கின்றன. தை மாதத்திலிருந்து தூக்கம் விழித்துக் கரையில் நடந்த தொண்டர்கள் இனிமேல் ராத்திரியில் தூங்கலாம். இத்தனை நாள் அவர்கள் செய்தது என்ன, அதற்கு நாம் எப்படி நன்றி சொல்வது என்று பார்ப்பதற்கு இது தக்க சமயம்.

நான் குடியிருப்பது திருவொற்றியூரில். நடப்பதற்குப் போனதோ நகரத்தின் மறு கோடியில் உள்ள பெஸன்ட் நகருக்கு. "திருவொற்றியூரிலேயே சமுத்திரம் இருக்கிறதே, அங்கே நடந்தால் என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பங்குனி விருந்தாளி

நம் கரைக்கு வரும் இந்தக் கடலாமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர். சுமார் 2 அடி நீளமும் 35 முதல் 45 கிலோ எடையும் இருக்கும். ஆண் ஆமை பிறந்த அன்று கடலில் இறங்கினால் அதோடு சரி, மறுபடி கரையேறாது. பெண் ஆமை மாத்திரம் முட்டையிட வரும். பின்னங்கால் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடத்தைப் போன்ற குழி தோண்டி, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். பிறகு மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பையே திம்ஸுக் கட்டையாக்கித் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். அப்போது அதன் கண்களிலிருந்து நீர் வடியும். பிள்ளைகளைப் பிரியும் துக்கம் என்று பார்ப்பவர் நெஞ்சு உருகும். உண்மையில் அது உடம்பிலுள்ள அதிக உப்பை வெளியேற்றும் நீர்தான்.

முட்டை பொரிய 45 நாள் முதல் 60 நாள் வரை ஆகும். அடைகாப்பது மணலின் சூடே. சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள். வெளியே வரும் குஞ்சு, வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே கடல் இருக்கிறது என்று நம்பி ஓடும். மின்சார விளக்கு இல்லாத காலத்தில் அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. இப்போதோ கடலைவிடக் கரைக்குத்தான் வெளிச்சம் அதிகம். குஞ்சுகள் தெருவை நோக்கிப் போய் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகின்றன.

எங்கள் பள்ளித் தமிழாசிரியர் அகநானூற்றின் 160-ஆம் பாட்டை எனக்குக் காட்டினார். அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் சூல் முற்றிய ஆமை முட்டையிட்டுப் புதைப்பதையும், குஞ்சு வெளிப்படும் வரையில் ஆண் ஆமை அதைக் காவல் காப்பதையும் குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியிருக்கிறார். முட்டையைப் புதைப்பதைப் புலவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும், அவ்வளவு துல்லியம். காவல் காக்கும் கணவன் மட்டும் கற்பனை. ஆனால் அந்தக் கற்பனைக் காவற்காரனின் உத்தியோகத்தை ஏற்றுக்கொள்ள ஈராயிரம் வருஷத்துக்குப் பிறகு சென்னையில் ஆட்கள் முன்வந்தார்கள்!

ராத்திரி நடை

1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேகரும், ஸதீஷ் பாஸ்கரும், அவர்களுடைய நண்பர்களும் இந்தக் கரையில் ஆமையைத் தேடி நடந்தார்கள். பிற்பாடு 1988-இல் கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கினார்கள். அந்த மாணவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, குழுவுக்கு நரைக்கவில்லை. வருஷந்தோறும் புதிய இளைஞர்கள் வந்து சேருகிறார்கள்.

நீலாங்கரையிலிருந்து பெஸன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர். நடு நிசிக்குச் சற்று முன்னோ பின்னோ புறப்பட்டால் விடியற்காலை ஆகிவிடும். விளக்கு ஏற்றக் கூடாது. இரைந்து பேசக் கூடாது. மணலில் டிராக்டர் சக்கரம் போனது போல் தடம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். தடத்தைத் தொடர்ந்து போனால் ஆமை உழப்பிய மணல். அதற்குள் குழி எங்கே என்று காலால் அமுக்கியும் குச்சியால் பதமாகக் குத்தியும் கண்டுபிடிப்பது ஒரு வித்தை. எனக்கு அது கடைசி வரை வரவில்லை. என்னிடம் ஒரு காலத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தடுமாறிய பையன் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டு, "இங்கே இருக்கு, ஸார்!" என்றான்.

முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போட்டு, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு, கரையிலேயே வேலி கட்டியிருக்கும் பொரிப்பகத்தில் அதே அளவில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். சில மணி நேரத்துக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். தாமதமானாலும், முட்டை புரண்டாலும் உள்ளே உள்ள உயிருக்கு ஆபத்து. குஞ்சுகள் வெளிவந்ததும் அலையோரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவதில்லை. சற்றுத் தூரத்தில் விட்டு, தாமாகவே மணலில் நடந்து போகும்படி செய்கிறார்கள். பெண் குஞ்சு வளர்ந்து தான் பிறந்த பக்கத்துக்கே முட்டையிட வர வேண்டுமானால், இந்தப் பத்தடி நடை அதற்கு அவசியம் என்று கருதுகிறார்கள்.

இந்தப் பருவத்தில் நான் ஒன்பது ராத்திரி நடந்தேன். ஆமையைக் கண்டது ஒரே ராத்திரி. மற்ற எட்டு ராத்திரியும் கால் வலியும் தூக்கக் கலக்கமுந்தான் மிச்சம். ஆனால், ஒன்றையும் காணாத அந்த எட்டு ராத்திரிகளில்தான் எனக்குத் தொண்டர்களின் பெருமை விளங்கிற்று. பலன் கிடைக்கும் என்று தெரிந்தால் யாரும் நடப்பார்கள். பகலெல்லாம் ஆபீஸிலோ கல்லூரியிலோ இருந்துவிட்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாமல், அடுத்த நாளும் அதே மணலில் நடப்பதற்கு வேறொரு மனம் வேண்டும். வனத்துறைப் பணியாளர்களும், பல குப்பங்களில் மீனவ இளைஞர்களும் இதே போல் காவல் காக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் பத்திரிகையில் வருவதில்லை.

கல்லாகிப் போன கரை

இனி, திருவொற்றியூரில் ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்கிறேன். நடக்க மணல் இல்லை!

நம் கடலோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1875-இல் சென்னைத் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். கடலுக்குள் நீண்ட அந்தச் சுவர்கள் மணலின் பிரயாணத்தை வழி மறித்தன. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ஊரார் மெரினாவில் சுண்டல் தின்று காற்று வாங்கும் மணலில் ஒரு பங்கு எங்களுக்கு வந்திருக்க வேண்டியது! பட்டினத்தார் சமாதியடைந்த எங்கள் ஊரில், "அதோ அலை அடிக்கிற இடத்தில் தெரு இருந்தது" என்று கிழவர்கள் கை காட்டுகிறார்கள். கடலைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். மனிதர் குடியிருக்க அவை வேண்டியவைதான். ஆனால் ஆமையால் பாறை மேல் ஏற முடியுமா? ஏறினாலும் எங்கே தோண்டும்?

போதாக்குறைக்கு எண்ணெய் வேறு. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரிய எண்ணெய் எர்ணாவூர்ப் பாறைகளில் குழம்பாக ஒதுங்கியது. ஆமைகள் கரைக்கு வரும் மாதம் அது. மாணவரும் மீனவரும் வாளியால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மறுபடியும் அதே வாளி, அதே கைகள். தொண்டு என்ற வார்த்தை வட சென்னைக்குப் புதிதல்ல.

கரும்பலகைக் கணக்கு

நான் கணக்கு வாத்தியார். பருவ முடிவில் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

2024-ஆம் வருஷப் பருவத்தில் தமிழ்நாட்டுப் பொரிப்பகங்கள் எல்லாமாகச் சேர்ந்து 2 லட்சத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளைக் கடலில் விட்டன. ஆயிரம் குஞ்சுக்கு ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் அந்த வருஷத்து முயற்சிக்கெல்லாம் பலன் சுமார் 200 ஆமைகள்.

இனி மறு பக்கம். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலானவை இழுவை மடிகளில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தவை என்று கண்டார்கள். கடலில் வாழ்ந்தாலும் ஆமை காற்றைத்தான் சுவாசிக்கிறது. மணிக்கணக்காக இழுபடும் வலைக்குள் அது எப்படிப் பிழைக்கும்? எங்கள் ஊர்ப் பாறைகளுக்கு இடையிலும் ஒன்று கிடந்தது. அந்த வருஷம் நான் திருவொற்றியூரில் கண்ட ஒரே ஆமை அதுதான்.

ஆயிரத்தை 200-ஆல் வகுத்தால் ஐந்து. மாகாணம் முழுவதிலும் தொண்டர்கள் ஐந்து வருஷம் தூக்கம் விழித்துச் சேர்த்ததை ஒரே மாதம் கொண்டுபோய்விட்டது.

இந்தக் கணக்கை நான் பலகையில் போட்டுக் காட்டவில்லை. குழியைக் கண்டுபிடித்தானே, அந்தப் பையனிடம் நடந்துகொண்டே சொன்னேன். அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா காசிமேட்டிலே இழுவைப் படகுக்குத்தான் போறார், ஸார்" என்றான்.

வலை பின்னும் நாட்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடை. அந்த நாட்களில் ஒரு மாலை பையனோடு காசிமேட்டுக்குப் போனேன். படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. அவனுடைய தகப்பனார் கிழிந்த வலையைக் கால் விரலில் மாட்டிப் பின்னிக்கொண்டிருந்தார்.

"ஆமையைக் கொல்லணும்னு யாரும் வலை போடறதில்லை, வாத்தியாரே. அது ஏறினா எங்க வலைதான் கிழியும். மேலே தூக்கறப்போ உயிர் இருந்தா கடல்லே தள்ளிடுவோம். பல தடவை இருக்கறதில்லை" என்றார்.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை மடி போடக் கூடாதென்பது விதி. அதை மீறுவோர் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. "மீன் அங்கேதானே இருக்கு?" என்றார். ஆமை தப்பிப் போவதற்கென்று வலைக்குள் கம்பி அடைப்பும் மேலே ஒரு வாசலும் வைக்கலாமே என்று கேட்டேன். மீன்கள் கம்பிக்கு நடுவே உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் முட்டி வாசல் வழியாக வெளியேறிவிடும்.

"அந்த வாசல்லே மீனும் போயிட்டா? டீசல் கடனை யார் கட்டுவாங்க?"

எனக்கு விடை தெரியவில்லை. நியாயமான கேள்வி. கடற்கரையில் உலாவுகிறவர்களின் ஆசைக்காகக் கடலில் உழைக்கிறவன் மாத்திரம் நஷ்டப்பட வேண்டுமென்பது தர்மமாகாது. அந்த நஷ்டத்தில் சர்க்காரும், மீன் வாங்கிச் சாப்பிடும் நாமும் பங்கு ஏற்க வேண்டும். ஆமைத் தொண்டர்களுக்கு நன்றி சொல்ல மாலையும் சால்வையும் வேண்டாம். கரையில் அவர்கள் காப்பாற்றியது கடலில் வீணாகாமல் பார்த்துக்கொள்வதே நன்றி. காவல் மணலோடு நின்றுவிட்டால் போதாது. 5 மைல் தண்ணீருக்குள்ளும் போக வேண்டும். அங்கே நம்மால் நடக்க முடியாது. வலை பின்னும் இந்தக் கைகள்தான் அங்கே காவலாக முடியும்.

புறப்படும்போது பையன், "ஒரு தடவை வெச்சுத்தான் பாரேம்பா" என்றான். அதிகாரமாகச் சொல்லவில்லை, மூன்று மாதம் வெறும் மணலில் நடந்து பழகியவன் பொறுமையோடு சொன்னான்.

தகப்பனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பார்க்கலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு "முடியாது" என்றும் அர்த்தம் உண்டு. "ஆகட்டும்" என்றும் அர்த்தம் உண்டு. எது என்பது ஜூன் 15-ஆம் தேதி படகுகள் புறப்படும்போது தெரியும். அன்றைக்கு நானும் காசிமேட்டுக்குப் போவதாக இருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.