அறிந்து தரும் இசைவு

‘இசைகிறேன்’ என்னும் சொல்லை நாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்லுகிறோம்? வாயால் சொல்வதில்லை, விரலால் சொல்லுகிறோம். கைபேசியில் புதிய செயலி ஒன்றை இறக்கும்போதும், வங்கிக் கணக்கை இணையவழியில் தொடங்கும்போதும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தும்போதும் நீண்டதோர் அறிவிப்பு நம் கண்முன் வருகிறது. அதன் அடியில் சிறு கட்டம் ஒன்று. அதைத் தொட்டால்தான் மேலே செல்ல இயலும். ஆகவே தொடுகிறோம். எதற்கு இசைந்தோம் என்று பிறர் கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரியாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இவ்விடர் இரட்டிப்பாகும். புனே நகரின் கேம்ப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1817ஆம் ஆண்டில் நிகழ்ந்த கட்கிப் போரை அடுத்து ஆங்கிலேயர் நிறுவிய படைவீடு அது. படைத்துறை அலுவலகங்களிலும் அவற்றைச் சார்ந்த தொழில்களிலும் பிழைப்பை நாடித் தமிழ்க் குடும்பங்கள் பல அங்குக் குடியேறின. வீட்டிலே தமிழ் பேசுகிறோம். மகாத்மா காந்தி சாலைக் கடைகளிலும் சிவாஜி மார்க்கெட்டிலும் இந்தியும் மராத்தியும் பேசுகிறோம். அலுவலகத்தில் ஆங்கிலத்தைக் கொண்டு காரியத்தை முடித்துக்கொள்கிறோம். ஆயினும், சந்தையில் விலை பேசப் போதுமான மொழியறிவு, ஓர் உடன்படிக்கையைப் படித்துணரப் போதுமானதன்று. வீட்டிலிருக்கும் முதியவருக்கோ, ஊரிலிருந்து அண்மையில் வந்த இளைஞருக்கோ அந்த அறிவிப்பு வெறும் எழுத்துக் கூட்டமாகவே காட்சியளிக்கிறது.

இந்நிலையை மாற்ற முயலும் சட்டம் ஒன்று நம் நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. அச்சட்டத்தின் ஒரு சிறு பிரிவு, நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் தமிழில் அறிவிப்பைக் கேட்டுப் பெறும் உரிமையை நமக்கு வழங்குகிறது. அது எவ்வாறு பிறந்தது, அதை நிறைவேற்றத்தக்க விஞ்ஞானக் கருவிகள் எவை, அவற்றின் குறைகள் யாவை என்பவற்றை இங்கே காண்போம்.

முதலில் ‘தரவு’ என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் பெயர், முகவரி, பிறந்த நாள், தொலைபேசி எண், நிழற்படம், நோய்க்குறிப்பு, நாம் சென்று வந்த இடங்கள், வாங்கிய பொருள்கள் ஆகிய யாவும் தரவுகளே. ஒரு குறிப்பைத் தனியே பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நூறு குறிப்புகளை ஒருங்கு சேர்த்தால், நம் வருவாய் எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டோம் என்பன போன்றவற்றை முன்பின் அறியாதவரும் ஊகித்துவிடலாம். உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள் சில, கடன் பெறுவோரின் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறியவுடன் உறவினருக்கும் நண்பருக்கும் செய்தி அனுப்பி அவமானப்படுத்தியதை நாடு கண்டது. அதனாலன்றோ, 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, தன் கட்டுப்பாட்டிலுள்ள கடன் நிறுவனங்களின் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடக்கூடாது என்று நெறிமுறை வகுத்தது! அச்செயலிகள் கன்னக்கோல் வைத்து நுழையவில்லை. பெரும்பாலும், கைபேசிக்கு உரியவர் தம் விரலால் கதவைத் திறந்துவிட்ட பின்னரே நுழைந்தன.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018இல் தன் அறிக்கையைத் தந்தது. 2019இல் நாடாளுமன்றத்தில் கொணரப்பட்ட மசோதா 2022இல் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பது போன்ற பகுதிகள் உடனே தொடங்கின. அறிவிப்பு, இசைவு ஆகியவை பற்றிய முதன்மைக் கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று அப்போது வகுக்கப்பட்டது.

சட்டம் கூறுவது யாது? இசைவைக் கேட்கும் நிறுவனம், எந்தத் தரவைப் பெறுகிறது, எதற்காகப் பெறுகிறது என்பதைத் தெளிவான எளிய மொழியில் முன்னரே சொல்லவேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்கவேண்டும். தந்த இசைவை எந்நேரமும் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் ஏறத்தாழ அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரின் தரவைப் பெறுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும். தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

இவற்றுள் எட்டாம் அட்டவணை பற்றிய சொற்களே பிற மாநிலத் தமிழர் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டில் அவ்வட்டவணையில் பதினான்கு மொழிகள் இருந்தன. தமிழ் அவற்றுள் ஒன்று. 1967, 1992, 2003 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களுக்குப் பின் இன்று அவை இருபத்திரண்டு. பொதுவாக, மொழியைப் பற்றிய அரசாங்க ஏற்பாடுகள் மாநில எல்லையை ஒட்டியே அமைகின்றன. மகாராஷ்டிரத்தில் மாநில அரசின் படிவம் மராத்தியில் வருவது இயல்பு. அதில் குறைகாண இடமில்லை. ஆனால் இச்சட்டப் பிரிவு நாம் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறோம் என்று கேட்பதில்லை. மொழியை மட்டுமே கேட்கிறது. மதுரையில் இருப்பவர் தமிழில் அறிவிப்பைக் கேட்கலாம்; அதே உரிமையுடன் கேம்ப்பில் இருப்பவரும் கேட்கலாம். நம் குறைகளை ஒன்றிய அரசின் எந்த அதிகாரிக்கும் நம் மொழியில் எழுதி அனுப்பலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு முன்பே கூறியிருக்கிறது. நாம் தமிழில் எழுதுவதை அது அனுமதித்தது. பிறர் நமக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்னும் கடமையைத் தனியார் நிறுவனங்களின் மீதும் சுமத்துவதே இப்போதைய புதுமை.

சட்டத்தின் வரம்புகளையும் கூறிவிடுதல் நேர்மையாகும். மானியம், சான்றிதழ், உரிமம் முதலியவற்றை வழங்குவதற்காக அரசாங்கம் தரவைக் கையாளும்போது, குறிப்பிட்ட சில நிலைகளில் புதிதாக இசைவு கேட்க வேண்டுவதில்லை. நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகவும் விலக்குகள் உண்டு. இவை மிக அகன்றவை என்று கருதுவோரும் உளர். இன்றியமையாதவை என்பாரும் உளர்.

இனி, இருபத்திரண்டு மொழிகளில் அறிவிப்பை வழங்குவது நடக்கக்கூடிய காரியமா என்ற வினா எழும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் இயலாது என்றே விடை வந்திருக்கும். கணிப்பொறி எண்களை மட்டுமே அறியும் யந்திரம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கினாலன்றி அது எழுத்தைக் கையாளாது. ஆங்கிலத்துக்கு அவ்வேற்பாடு முன்னமே அமைந்துவிட்டது. நம் மொழிகளுக்கு அமைய வேண்டியிருந்தது.

அப்பணியில் புனே நகருக்குச் சிறந்த பங்கு உண்டு. கேம்ப்பிலிருந்து சில கல் தொலைவில், கணேஷ்கிண்டில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில், 1988ஆம் ஆண்டு சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1991இல் ‘பரம் 8000’ என்னும் மீக்கணிப்பொறியை உருவாக்கிப் புகழ்பெற்ற நிறுவனம் இதுவே. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ‘ஜிஸ்ட்’ என்னும் இந்திய எழுத்துத் தொழில்நுட்பத்தை மேலும் வளர்த்ததும் இந்நிறுவனமே. சாதாரணக் கணிப்பொறியில் ஓர் அட்டையைச் செருகினால், திரையில் இந்திய எழுத்துக்கள் தோன்றும். 1991இல் இந்திய மொழிகளுக்கான ‘இஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டு முறை இந்தியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. இம்முறையின் முந்தைய வடிவத்தை அடியொற்றியே, உலகப் பொதுவான ‘யூனிகோட்’ முறையிலும் தமிழுக்கு இடம் அமைந்தது.

‘கொ’ என்னும் எழுத்தைக் கருதுக. ஏட்டில் நாம் முதலில் கொம்பும், பிறகு ககரமும், அதன்பின் காலும் எழுதுகிறோம். யூனிகோட் முறையில் கணிப்பொறியோ ககரத்தை ஓர் எண்ணாகவும், ஒகர உயிர்க்குறியை அடுத்த எண்ணாகவும் வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னும் காலைப் பின்னுமாகப் பிரித்து வரைகிறது. சேமிப்பது ஒலியின் வரிசையில். காட்டுவது எழுத்தின் வடிவில். முன்பு ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்ததால், ஒருவர் அடித்த மடல் மற்றவரிடம் பொருளற்ற குறிகளாய்ச் சென்று சேர்ந்தது. பொது முறை வந்தபின், சென்னையில் எழுதிய தமிழ் புனேயிலும் சிங்கப்பூரிலும் தமிழாகவே தெரிகிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

எழுத்து வந்த பின் மொழிபெயர்ப்பு வந்தது. 2022ஆம் ஆண்டு ஜூலையில் ஒன்றிய அரசு ‘பாஷிணி’ என்னும் மொழித் திட்டத்தைத் தொடங்கிற்று. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ.ஃபார்பாரத்’ ஆய்வுக்குழு, அட்டவணையிலுள்ள இருபத்திரண்டு மொழிகளுக்குமான மொழிபெயர்ப்புக் கருவியை 2023இல் வெளியிட்டது. இருமொழிகளில் இணையாக அமைந்த வாக்கியங்களை ஏராளமாகத் தந்து பயிற்றுவித்தால், எந்தச் சொற்கள் எந்தச் சொற்களுடன் சேர்ந்து வருகின்றன என்பதைக் கணித்து, யந்திரம் புதிய வாக்கியத்தை மொழிபெயர்க்கிறது. நீண்ட அறிவிப்பையும் சில நொடிகளில் தமிழாக்கித் தந்துவிடுகிறது.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் அவ்வளவு விரைவில் தீர்ந்ததென்று சொல்ல மாட்டோம். ‘இன்டரெஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வட்டி, நாட்டம், நலன் என மூன்று பொருள்கள் உண்டு. ‘வித்டிரா’ என்பது வங்கியில் பணம் எடுப்பதையும் குறிக்கும், இசைவைத் திரும்பப் பெறுவதையும் குறிக்கும். கடன் பற்றிய அறிவிப்பில் இவ்விரு சொற்களும் அருகருகே வந்தால், யந்திரம் தடுமாற இடமுண்டு. இவற்றைவிட நுண்ணியது ஒன்று உளது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழிலோ ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரண்டு. ‘இத்தகவலை நாங்கள் பிற நிறுவனங்களுக்குத் தருவோம்’ என்பதில் தருபவர் நிறுவனத்தார் மட்டுமே. ‘நாம் தருவோம்’ என்றால், படிப்பவரும் தருபவருள் ஒருவர் ஆகிவிடுகிறார்! இசைவு கேட்கும் ஏட்டில், யார் பொறுப்பு என்பதையே இந்த ஒரு சொல் மாற்றிவிடும்.

மற்றொரு குறை மனிதரைச் சார்ந்தது. எளிய மொழியில் சொல்லவேண்டும் என்பது சட்டம். அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு படிக்கவேண்டிய தமிழில் அறிவிப்பைத் தந்தால், சட்டத்தின் எழுத்து நிறைவேறும், நோக்கம் நிறைவேறாது. ‘உங்கள் தொலைபேசி எண்ணை விளம்பரம் அனுப்பப் பயன்படுத்துவோம்’ என்று கூறினால் எல்லோருக்கும் விளங்கும். அதையே ‘தொடர்பியல் அடையாளங்காட்டியைச் சந்தைப்படுத்தல் நோக்கங்களுக்குச் செயலாக்குவோம்’ என்றால் யாருக்கு விளங்கும்? ஆதலின், யந்திரம் தந்த தமிழைத் தமிழறிந்த ஒருவர் ஒருமுறையேனும் படித்துப் பார்த்து வெளியிடுதல் வேண்டும்.

பிற மாநிலங்களில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளைப் பற்றியும் எண்ணவேண்டும். அவர்களுள் பலர் தமிழ் பேசுவர். தமிழ் எழுத்தைப் படிக்க மாட்டார். முதியோருள் சிலர் எந்த எழுத்தையும் படியாதவர். இவர்களுக்கு அறிவிப்பைப் படித்துக் காட்டும் குரல் வேண்டும். மொழியைக் குறிப்பிடும் சட்டப்பிரிவு ஒலியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. எழுத்தைப் பேச்சாக்கும் கருவிகள் தமிழுக்கு வந்துவிட்டன. அவற்றை அறிவிப்புகளுடன் இணைக்குமாறு கேட்பது நம் சங்கங்களும் மன்றங்களும் செய்யத்தக்க பணியாகும்.

நாம் செய்யவேண்டுவன சிலவே. அறிவிப்பு வந்தவுடன் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டா என்று பார்க்கவேண்டும். இல்லையெனில், நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு ஒரு வரி எழுதிக் கேட்கவேண்டும். அங்கே பயன் கிட்டாதபோது வாரியத்தை அணுகச் சட்டம் வழி செய்கிறது. என்ன தரவு, எதற்காக, திரும்பப் பெறுவது எப்படி என்னும் மூன்றை மட்டுமாவது படித்தறிய வேண்டும். கணக்குப் போடும் செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்டாலோ, கைவிளக்குச் செயலி நாம் இருக்கும் இடத்தைக் கேட்டாலோ, மறுத்துவிடுதல் நன்று. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர், அறியாதவருக்காகத் தாமே கட்டத்தைத் தொட்டுவிடாமல், பொருளைச் சொல்லி அவரையே முடிவு செய்ய விடவேண்டும்.

பயன்படுத்துவோர் கேளாத மொழிக்கு எந்த நிறுவனமும் செலவு செய்ய முன்வராது. தமிழ் அறிவிப்பைத் திறப்பவர் ஒருவருமில்லை என்று கணக்குக் காட்டினால், அது பெயரளவில் மட்டும் இருந்து மங்கிப்போகும். ஆயிரம் பேர் திறந்து படித்து, பிழை கண்ட இடத்தைச் சுட்டிக்காட்டினால், அடுத்த அறிவிப்பு திருந்திய தமிழில் வரும். அந்த ஆயிரம் பேர் சென்னையில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; கேம்ப்பிலும் இருக்கலாம்.