கழிவுத் தேயிலைக்கும் ஒரு கணக்கு

இலங்கையின் ஊவா மாகாணத்தில் எல்ல, தெமோதரை, அப்புத்தளை மலைச்சரிவுகளிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து செலவாகிறது. எடையின் பெரும்பகுதி நீராகவே வெளியேறிவிடுகிறது; இறுதியில் தூள் போக எஞ்சுவன நார், காம்பு, பஞ்சு, தரையிலிருந்து கூட்டியெடுக்கும் தூசி ஆகியனவே. கழிவுத் தேயிலை எனப்படும் இவற்றிலும் காஃபீன் தங்கியிருப்பதால், மருந்துக்கும் மென்பானத்துக்கும் அதைப் பிரித்தெடுக்கும் தொழில்கள் இவற்றை விலைகொடுத்து வாங்குகின்றன.

ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் மூலப்பொருளாகும் இவ்வேற்பாடு, பொருள்களைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் பயன்பாட்டிலேயே சுழலவிடும் சுழற்சிப் பொருளாதாரத்தில் ‘தொழில் கூட்டுவாழ்வு’ எனப்படுகிறது. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உபரி வாயுவை 1972இல் அருகிலிருந்த ஜிப்சம் பலகை ஆலை பெறத் தொடங்கியது. பின்னர் நீராவியும் நீரும் சாம்பலும் அவ்வாறே கைமாறின. அங்கே ஆலைகள் அண்டை வீட்டார்; குழாய் போதுமானதாயிற்று. ஊவாவிலோ கொண்டைஊசி வளைவுகளில் லொறி இறங்க வேண்டும்.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல் ஐயம். ஜிப்சத்தை எவரும் குடிப்பதில்லை; கழிவுத் தேயிலையோ தேயிலையைப் போலவே தோன்றுவதால், அதை அரைத்து நல்ல தூளோடு கலந்துவிட்டால் கண்ணால் கண்டறிவது கடினம். எனவேதான் இலங்கையின் 1957ஆம் ஆண்டுத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், இந்தியாவின் 1959ஆம் ஆண்டுத் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணையும், கழிவை வாங்குவோரையும் விற்போரையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தன. இங்கே கூட்டுறவு இருவர் உடன்பாட்டில் முடிவதில்லை. சட்டம் மூன்றாம் கூட்டாளியாக உடனிருக்கிறது. அது வணிகத்துக்குச் சுமையே எனினும், ஊவாத் தேயிலையின் பெயர் கெடாமலிருப்பதற்குக் கொடுக்கும் விலையாக அதைக் கொள்வது தகும்.

விறகில் இத்தகைய ஐயமில்லை. பால் வற்றி வெட்டப்படும் இறப்பர் மரங்கள், உலர்த்தும் இயந்திரங்களின் உலைகளுக்கு நெடுங்காலமாக எரிபொருளாகி வருகின்றன; ஊவாவுக்குள்ளேயே மொணராகலையில் இறப்பர் விளைகிறது.

ஒப்பந்தமோ உரிமமோ இல்லாத மறுபயன்பாடும் தோட்டங்களில் உண்டு. கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் சுள்ளிகளான மலாரை மண்ணுக்கே உரமாக விட்டுவிட வேண்டுமென்பது வேளாண் அறிஞர் கருத்து. இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட 2021இல் அக்கருத்து மேலும் வலுப்பெற்றிருக்க வேண்டும். ஆனால் அதே மலார்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அடுப்புக்கு விறகு என்பதால், சமையல் எரிவாயு கிடைக்காத 2022இல் மண்ணுக்கும் அடுப்புக்கும் இடையிலான அப்போட்டியில் மண் வெல்ல வழியிருக்கவில்லை.