தரிப்பிடத்தில் விட்ட வண்டிக்குப் பொறுப்பாளி யார்?

குடும்பத்துடன் கடைக்கோ திருமண மண்டபத்துக்கோ செல்லும் ஒருவர், பணங் கொடுத்துத் தம் மோட்டார் வண்டியைத் தரிப்பிடத்தில் நிறுத்துகின்றார். கையிலே ஒரு துண்டு தரப்படுகின்றது. அதனை வாசிப்பார் அரியர். திரும்பி வந்து பார்க்கையில் கதவு நெளிந்திருக்கின்றது. விளக்கு உடைந்து கிடக்கின்றது. காவலாளியைக் கேட்டால், அவர் சுவரிலே தொங்கும் பலகையைச் சுட்டிக் காட்டுகின்றார்: “வண்டிகளுக்கு நேருஞ் சேதத்துக்கு நிருவாகம் பொறுப்பேற்காது.” பல்லாண்டு மிச்சம் பிடித்து வண்டி வாங்கியவர், இனிப் பேசிப் பயனில்லை என மனங்கசந்து வீடு திரும்புகின்றார். அப்பலகை உண்மையில் அத்துணை வலிமை வாய்ந்ததா?

இவ்விடயத்திற் சட்டம் முதலிற் கேட்கும் வினா ஒன்றுண்டு. வண்டி யாருடைய வசத்தில் இருந்தது? திறவுகோலை ஊழியரிடங் கொடுத்து, வண்டியையும் அவர் பொறுப்பில் விட்டால், அஃது அடைக்கலப் பொருள் போன்றது. பெற்றவர் அதனை நியாயமான கவனத்துடன் பேணித் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். சேதம் நேரின், தம்மிடத்துக் கவனக் குறைவு இல்லை என்பதை அவரே நிறுவுதல் வேண்டும். ஆயின், நாமே வண்டியை நிறுத்திப் பூட்டித் திறவுகோலை எடுத்துச் சென்றால், நாம் பெற்றது நிறுத்துவதற்கு ஓரிடம் மாத்திரமே எனக் கொள்ள இடமுண்டு.

இவ்வேறுபாட்டின் பயனை இங்கிலாந்தில் 1937ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட ஒரு வழக்கிற் காணலாம். சவுத்தெண்ட் என்னுங் கடற்கரை நகரிலே ஒருவர் ஒரு சிலிங் கொடுத்து வண்டியை நிறுத்திச் சென்றார். துண்டைக் காட்டாத அந்நியன் ஒருவன் அதனை ஓட்டிச் செல்லக் காவலாளி விட்டுவிட்டான். வண்டி அடைக்கலமாக ஒப்படைக்கப்படவில்லை, இடத்தைப் பயன்படுத்தும் அனுமதியே வழங்கப்பட்டது என்று கூறி, மேன்முறையீட்டு நீதிமன்றம் நட்டஈட்டை மறுத்தது.

புதுதில்லியில் நிகழ்ந்ததோ வேறு. 1998ஆம் ஆண்டு விருந்தினர் ஒருவர் தாஜ்மகால் விடுதியின் ஊழியரிடம் வண்டியையுந் திறவுகோலையும் ஒப்படைத்து உள்ளே சென்றார். அவ்விடுதிக்கு வேறொரு வண்டியில் வந்த இளைஞர்கள் அத்திறவுகோலைக் கைப்பற்றி வண்டியைக் களவாடிச் சென்றனர். ‘உரிமையாளரின் பொறுப்பிலேயே’ எனத் துண்டில் அச்சிட்டிருந்ததை விடுதியார் எடுத்துக் காட்டினர். 2019இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தன் ஊழியரின் கவனக் குறைவுக்கான பொறுப்பை அச்சிட்ட வாசகத்தால் விடுதி உதறிவிட இயலாது எனத் தீர்த்தது. தரிப்பிடத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை என்ற வாதமும் எடுபடவில்லை. அதன் செலவு விடுதியின் பிற கட்டணங்களில் அடங்கும் அன்றோ?

இனிப் பலகையின் வலிமையை நோக்குவோம். 1964இல் இலண்டனிலே இசைக் கலைஞர் ஒருவர் தானியங்கிப் பொறி தந்த துண்டை எடுத்துக்கொண்டு ஒரு தரிப்பிடத்துள் நுழைந்தார். பின்னர் அங்கு நேர்ந்த விபத்திற் காயமுற்றார். நிபந்தனைகள் உள்ளே ஒரு தூணில் ஒட்டப்பட்டிருந்தன. அவ்வழக்கு மேன்முறையீட்டுக்கு வந்தபோது, துண்டு வெளிவந்த பின் பொறியுடன் வாதாட எவராலும் இயலாது என்பதை டெனிங் பிரபு எடுத்துரைத்தார். ஒப்பந்தம் முடியுமுன் நன்கு அறிவிக்கப்படாத கடுமையான நிபந்தனை செல்லாது என்பதே 1970 டிசம்பரில் வழங்கப்பட்ட தீர்ப்பின் சாரம்.

அயல்நாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. எனினும் நம் நாட்டிலும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டம் உளது. வணிகம் நடத்துவோர் தம் கவனக் குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை எந்நிபந்தனையாலும் விலக்க முடியாது. பொருட்சேதத்தைப் பொறுத்தவரை, நிபந்தனை நியாயமானதாயின் மாத்திரமே அது செல்லும். ஆகவே பலகையின் சொல் இறுதிச் சொல் அன்று.

ஆயினும் உரிமை உண்டென்று அறிதல் மாத்திரம் போதாது. அதனை நிறுவுதற்குச் சான்று வேண்டும். துண்டை எறிந்துவிடாது பேணுக. திறவுகோலைக் கொடுக்குமுன் வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்து, கைத்தொலைபேசியிற் படமெடுத்து வைத்தல் நன்று. சேதங் கண்டவிடத்து, வண்டியை அகற்றுமுன் பொறுப்பாளருக்கு எழுத்தில் அறிவித்து, கண்காணிப்புக் கமராப் பதிவைக் காத்து வைக்குமாறு கேட்க வேண்டும். இடித்தது வேறொருவர் வண்டியாயின், முதற்பொறுப்பு அதன் சாரதியைச் சாரும். அதன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, காப்புறுதி நிறுவனத்துக்குந் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும்.

காவலாளியுடன் சண்டையிடுவதாற் பயனில்லை. பலகையை எழுதியவர் அவரல்லர். எழுதியவருக்கு அமைதியாக ஒரு கடிதம் வரைவோம். பலகையைக் கண்டவுடன் திரும்பிப் போகாதவர்க்கே சட்டம் துணைநிற்கும்.