முதியவருக்கு டயாலிசிஸ்: கேட்க மறக்கும் கேள்வி

எண்பது வயதுத் தகப்பனாரின் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன என்று வைத்தியர் சொன்னால், “டயாலிசிஸ் செய்யாவிட்டால் என்ன நடக்கும்?” என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். “செய்தால் என்ன நடக்கும்?” என்று கேட்பவர்கள் குறைவு.

1960களில் சியாட்டிலில் இயந்திரங்கள் சிலவே இருந்தன. யாருக்கு இயந்திரம் கொடுப்பது என்று ஒரு குழு கூடித் தீர்மானித்தது. 1973 ஜூலையில் மெடிகேர் செலவை ஏற்கத் தொடங்கியபின் நிலைமை தலைகீழானது. இன்று அமெரிக்காவில் எந்த வயதிலும் டயாலிசிஸ் தொடங்கலாம்.

ஆனால் தொடங்கியவர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள்? சிறுநீரக வைத்தியர் மஞ்சுளா குரெல்லா தமுராவும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 80 வயதைத் தாண்டித் தொடங்கியவர்களில் 46 வீதமானோர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 90ஐத் தாண்டியவர்களில் பாதிப்பேர் எட்டரை மாதங்களுக்குள்.

முதியோர் இல்லங்களில் இருந்தவர்களைப் பற்றி 2009இல் வந்த முடிவு இன்னும் கடுமையானது. ஓராண்டில் 58 வீதமானோர் இறந்தார்கள். முன்பு செய்துகொண்ட அன்றாட வேலைகளை அதேயளவு செய்யக்கூடியவர்களாக எஞ்சியோர் 13 வீதம்தான்.

இவர்களில் பலருக்கு இதய நோயும் நீரிழிவும் ஏற்கனவே உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் அவற்றைக் குணமாக்காது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் கதிரையில் இருக்க வேண்டும். இடையில் இரத்த அழுத்தம் இறங்கும். வீடு வந்தால் மிச்சப் பொழுது படுக்கையில் போகும்.

2024இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 65 வயதுக்கு மேற்பட்ட, சிறுநீரக மாற்றுக்கு அனுப்பப்படாத முன்னாள் படைவீரர்களை ஆராய்ந்தார்கள். டயாலிசிஸ் செய்யாமலே இருப்பவர்களைவிட, உடனே தொடங்கியவர்கள் மூன்று ஆண்டுகளில் சராசரியாக 77 நாட்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனால் வீட்டில் இருந்த நாட்கள் 15 குறைவு. கிடைத்த நாட்களுக்கும் மேலாகவே ஆஸ்பத்திரிகளிலும் பராமரிப்பு நிலையங்களிலும் போய்விட்டன.

இவை சராசரிக் கணக்குகள். தினமும் நடந்து, தன் வேலையைத் தானே பார்க்கும் 78 வயதுக்காரருக்கு டயாலிசிஸ் நல்ல சில ஆண்டுகளைத் தரக்கூடும். படுக்கையில் இருப்பவரின் கதை வேறு. “சில மாதம் செய்து பார்ப்போம், ஒத்துவராவிட்டால் நிறுத்துவோம்” என்று முன்கூட்டியே பேசிவைக்கவும் முடியும். டயாலிசிஸ் இல்லாத வழியைக் கைவிடுவது என்று நினைக்கவேண்டாம்: மூச்சுத்திணறல், வீக்கம், சொறி, இரத்தசோகை எல்லாவற்றுக்கும் மருந்து தொடரும்.

பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அழைத்த பெற்றோருக்குக் காப்புறுதியும் வில்லங்கம். அவர்களுக்கு இங்கே வேலை செய்த கணக்கு இல்லை. 65 வயதானாலும், பணம் கட்டி மெடிகேரில் சேர நிரந்தர வதிவாளராக ஐந்தாண்டு தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். நியூ ஜெர்சி, கலிபோர்னியா, டெக்சாஸ் மூன்றிலும் மாநில உதவி ஒரேமாதிரி இல்லை. ஆகவே சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்க முன்பே ஆஸ்பத்திரியின் சமூக சேவையாளரிடம் விசாரியுங்கள்.

அந்தச் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் ஆஸ்பத்திரிகள் அதை இலவசமாகத் தரவேண்டும். பிள்ளை மொழிபெயர்க்கும்போது கெட்ட செய்தி பாதியில் நின்றுவிடும். அப்பா தன் காதால் கேட்டு, தன் வாயால் பதில் சொல்லட்டும்.