ரேடாரும் மழைமானியும்

தோட்ட ஆபீசுக்குப் பக்கத்தில், மரநிழல் படாத புல்தரையில், உருளை போன்ற ஒரு கருவி நட்டிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுதான் மழைமானி. காலையில் கிராணியார் அதில் தேங்கிய நீரை அளந்து, இத்தனை மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் குறித்துக்கொள்வார். மழை பெய்தால் பட்டை நனையும். பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. ஆகவே மழையின் கணக்கு நமக்குப் புதிதன்று.

இன்று நம் பிள்ளைகள் பலர் பட்டணத்தில் குடியிருக்கிறார்கள். அங்கே மழை தரும் கவலை வேறு. ரப்பர் மரத்தடி மண் மழைநீரில் ஒரு பகுதியைக் குடித்துவிடும். தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் குடிப்பதில்லை. ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அதில் பெரும்பகுதி உடனே கால்வாயைத் தேடி ஓடுகிறது. 1971 ஜனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த பெருவெள்ளத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கால்வாய் தாங்குமா, கரை வழியுமா என்று முன்னதாகவே அறிய முடியுமா? ஓரளவு முடியும். பொறியாளர்கள் நகரத்தைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். கூரை எவ்வளவு, சாலை எவ்வளவு, நிலத்தின் சரிவு எப்படி, கால்வாயின் அகலமும் ஆழமும் என்ன என்ற விவரங்களைக் கணினியில் சேர்த்து வைக்கிறார்கள். எங்கே எவ்வளவு மழை பெய்தது என்று சொன்னால், எந்தக் கால்வாயில் எப்போது நீர் எவ்வளவு உயரும் என்பதைக் கணினி கணக்கிட்டுச் சொல்லும்.

'எங்கே' என்பதில்தான் சிக்கல். பங்சாரில் மழை கொட்டும்போது செந்தூலில் வெயில் அடிக்கலாம். இரண்டு மழைமானிகளுக்கு நடுவே பெய்யும் மழை, எந்த மானியிலும் விழாமல் ஓய்ந்துவிடலாம்.

இங்கேதான் ரேடார் உதவிக்கு வருகிறது. அது வானொலி அலைகளைச் சுற்றிலும் அனுப்புகிறது. அந்த அலைகள் மழைத்துளிகளில் பட்டு எதிரொலியாகத் திரும்புகின்றன. மழை எங்கே பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் கிடைக்கிறது.

ஆனால் ஒன்றை நாம் மறக்கக்கூடாது. ரேடார் தண்ணீரை அளப்பதில்லை, எதிரொலியைத்தான் அளக்கிறது. 2 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரே துளி தரும் எதிரொலியும், 1 மில்லிமீட்டர் பருமனுள்ள 64 துளிகள் தரும் எதிரொலியும் சமம். ஆயினும் அந்த 64 துளிகளில் இருப்பது 8 மடங்கு தண்ணீர்! 1948இல் மார்ஷல், பால்மர் என்னும் இருவர் மழைத்துளிகளின் பருமனை ஆராய்ந்து எழுதியதை ஒட்டி, எதிரொலியை மழையளவாக மாற்றும் சூத்திரம் வழக்கத்துக்கு வந்தது. அது சராசரிக் கணக்கு. எல்லா மழைக்கும் பொருந்தாது. இடையில் மலை மறைத்தாலும் கணக்கு பிசகும்.

பிசகைத் திருத்துவது யார்? நமது பழைய மழைமானிதான். ரேடார் 20 என்று சொல்லும் இடத்தில் மானி 30 காட்டினால், அந்த வட்டாரத்தின் ரேடார் கணக்கை ஒன்றரை மடங்காக்கலாம். ரேடாரின் பார்வை அகலமானது. மானியின் அளவு நம்பகமானது. இரண்டும் சேர்ந்தால்தான் கணினிக்குச் சரியான மழைக்கணக்கு கிடைக்கும்.

இதனால் நமக்குக் கிடைப்பது நேரம். கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ளது. பெருவெள்ளக் காலத்தில், அதிலுள்ள சாலையை மூடி, வாகனங்களை வெளியேற்றிய பிறகே அவ்வழியாக நீரை விடுகிறார்கள். அதற்கு அவகாசம் வேண்டாமா? தாழ்வான வீட்டிலிருக்கும் தாய்க்கும் அப்படித்தான். அரைமணி நேரம் முன்னதாகத் தெரிந்தால், பிள்ளைகளையும் அடையாளக் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாம்.

கடைசியாக ஒரு சொல். கால்வாய் அடைப்பில்லாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணினி கணக்கிடுகிறது. நாம் எறிந்த பிளாஸ்டிக் பை அங்கே அடைத்துக்கொண்டிருப்பது எந்த ரேடாருக்கும் தெரியாது. அதை அகற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.